விலகிப்போனவர்களின் வாக்குமூலம்



பாஸ்கா காலத்தின் 6-ஆம் ஞாயிறான இன்று, பேதுருவின் முதல் திருமுகம் 3-ஆம் அதிகாரத்திலிருந்து இரண்டாம் வாசகம் கேட்டோம். நமக்குள் இருக்கும் எதிர்நோக்கைப் பற்றி ஒருவர் விசாரித்தால் பதிலோடு தயாராக இருக்க வேண்டும், அந்தப் பதிலில் பணிவும் மரியாதையும் இருக்க வேண்டும், அவதூறு பேசுகிறவர்கள் வெட்கப்படும் அளவுக்கு நம் நடத்தை நேர்மையாக இருக்க வேண்டும் என்று திருத்தூதர் சொல்கிறார்.

இந்தத் திருமுகம் யாருக்கு எழுதப்பட்டது என்பதை அதன் முதல் வசனமே சொல்லிவிடுகிறது. போந்து, கலாத்தியா, கப்பதோக்கியா, ஆசியா, பித்தினியா. எல்லாம் இன்றைய துருக்கி நாட்டுப் பகுதிகள். கோவிலும் கோபுரமும் இல்லாமல், வீடுகளில் கூடி செபித்துக்கொண்டிருந்த சின்னச் சின்னக் குழுக்களுக்கு அந்தத் திருமுகம் போய்ச் சேர்ந்தது. "கேட்டால் பதில் சொல்லுங்கள்" என்ற அறிவுரையை அவர்களும் நம்மைப்போலவே உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்.

பிறகு உண்மையிலேயே ஒருவர் வந்து கேட்டார். கேட்டவர் யார், எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஏனென்றால் அவரே அதைக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பெயர் பிளினி. பேரரசர் டிராஜன் அவரைப் போந்து–பித்தினியா மாநிலத்துக்கு ஆளுநராக அனுப்பியிருந்தார். அவரைக் கொடியவர் என்று தள்ளிவிட முடியாது. சொந்த ஊரான கோமோவுக்கு நூலகம் கொடுத்தவர். அந்த ஊர்ப் பிள்ளைகள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போகிறார்களே என்று வருந்தி, அங்கேயே ஆசிரியர் வைத்தால் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தானே தருவதாகச் சொன்னவர். படித்தவர், நாகரிகமானவர், சட்டம் தெரிந்தவர். 112-ஆம் ஆண்டு வாக்கில் அவர் முன்னால் கிறிஸ்தவர்கள் நிறுத்தப்பட்டார்கள். இப்படிப்பட்ட விசாரணை எதிலும் அவர் அதற்கு முன் கலந்துகொண்டதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் பேரரசருக்கு எழுதினார். கிறிஸ்தவர் என்ற பெயரே குற்றமா, அந்தப் பெயரோடு சேர்ந்து வேறு குற்றம் இருந்தால்தான் தண்டனையா என்பது அவருடைய கேள்வி.

ஆனால் பதில் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. "நீ கிறிஸ்தவனா?" என்று கேட்டார். ஆம் என்றவரிடம், மரண தண்டனை உண்டு என்று எச்சரித்து இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். அப்போதும் ஆம் என்றவர்களைக் கொல்ல அனுப்பினார். ரோமைக் குடியுரிமை இருந்தவர்களை மட்டும் ரோமைக்கு அனுப்பக் குறித்துவைத்தார். அவர்கள் ஒத்துக்கொண்டது எதுவாக இருந்தாலும், அந்தப் பிடிவாதத்துக்காகவே தண்டிக்கத் தகுந்தவர்கள் என்பது அவர் காட்டும் காரணம். நூலகம் கொடுத்த கைதான் இந்த ஆணையிலும் முத்திரை வைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. நல்லவர்கள் என்று ஊர் சொல்கிறவர்கள் கையாலும் அநியாயம் நடக்கும்.

பிறகு கையெழுத்தில்லாத ஒரு மொட்டைக் கடிதம் வந்தது, நிறையப் பேர்களோடு. அதில் சிலர், நாங்கள் கிறிஸ்தவர்களே இல்லை என்றார்கள். அவர்களை நிரூபிக்கச் சொன்னார் பிளினி. தெய்வச் சிலைகளும் பேரரசரின் உருவமும் கொண்டுவரப்பட்டன. சாம்பிராணி போட வேண்டும், திராட்சை மது படைக்க வேண்டும், கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். உண்மையான கிறிஸ்தவர்களை இதில் எதையும் செய்யவைக்க முடியாது என்று கேள்விப்பட்டதாக அவரே எழுதுகிறார். வேறு சிலர், முன்பு கிறிஸ்தவர்களாக இருந்தோம், பிறகு விட்டுவிட்டோம் என்றார்கள். விட்டு 3 ஆண்டு ஆகிறது என்றார்கள் சிலர். 25 ஆண்டு ஆகிறது என்றவர்களும் இருந்தார்கள். இவர்களும் சாம்பிராணி போட்டார்கள், சபிக்கவும் செய்தார்கள்.

அன்பானவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்போம். நம் முன்னோரின் வழிபாட்டைப் பற்றி ஓர் அரசு அதிகாரி எழுதியவற்றில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விவரம் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. அந்த விவரத்தைக் கொடுத்தவர்கள் மறைச்சாட்சிகள் இல்லை. விலகிப்போனவர்கள், கிறிஸ்துவை மறுதலித்துவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர்கள். தாங்கள் விட்டுவந்த கூட்டத்தைப் பற்றி எவ்வளவு கேவலமாகச் சொல்கிறார்களோ அவ்வளவுக்கு அவர்களுக்குப் பாதுகாப்பு. அவர்கள் என்ன சொன்னார்கள்?

குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுவோம். கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றி மாறிமாறிப் பாடுவோம். ஓர் உறுதிமொழி எடுப்போம்: திருடமாட்டோம், கொள்ளையடிக்கமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், கொடுத்த வாக்கை மீறமாட்டோம், நம்மிடம் ஒருவர் ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டோம். பிறகு கலைந்துபோய் மறுபடி கூடிச் சாப்பிடுவோம், எல்லாரும் சாப்பிடும் சாதாரண உணவுதான். இவ்வளவுதான் அந்த வாக்குமூலம்.

"சாதாரண உணவு" என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கிறிஸ்தவர்கள் குழந்தைகளைக் கொன்று தின்கிறார்கள் என்று அந்த நூற்றாண்டில் ஊரெல்லாம் வதந்தி பரவியது. சகோதரன் சகோதரி என்று ஒருவரையொருவர் அழைத்தது அதைவிட அசிங்கமான கதைக்கு வழிவிட்டது. விலகியவர்கள் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் போதும், அந்த வதந்திக்கு அரசு முத்திரை கிடைத்திருக்கும். அவர்கள் கூட்டிச் சொல்லவில்லை. 25 ஆண்டுக்கு முன் விட்டுப்போனவருக்கும் சொல்லும்படியான குறை எதுவும் நினைவுக்கு வரவில்லை.

ஒப்படைத்த பொருளைப் பற்றிய அந்தக் கடைசி வரியையும் கவனியுங்கள். வெளியூர் போகிறவர் தன் பணத்தை, நகையை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து கேட்டால், "எப்போது கொடுத்தாய்?" என்று கைவிரிக்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள். அந்த விடியல் கூட்டத்தில் கடவுளின் பெயரால் இதற்கும் ஓர் உறுதிமொழி தேவைப்பட்டது. இன்றைய நற்செய்தியில் ஆண்டவர், தம்மீது அன்புள்ளவர்கள் தம் கட்டளைகளைக் கைக்கொள்வார்கள் என்கிறார். பித்தினியாவில் அந்த அன்பு அடுத்தவரின் நகையைத் திருப்பிக் கொடுப்பதில் தெரிந்தது. அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய மனையைத் தம் பெயரில் எழுதிக்கொண்டவர்களும், சீட்டுப் பணத்துக்குக் கணக்குச் சொல்லாதவர்களும் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களும் நன்மை வாங்க வரிசையில் வருகிறார்கள். யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறுக்குள் அந்தப் பொருள் உரியவரிடம் போய்ச் சேரட்டும்.

நம் பங்கிலும் விலகிப்போனவர்கள் இருக்கிறார்கள். திருவிழாக் கணக்கில் வந்த சண்டை, சாமியார் ஒருவர் பலர் முன்னால் சொன்ன ஒரு சுடுசொல், கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதில் வந்த சிக்கல், துக்க வீட்டுக்கு யாரும் வராத வருத்தம். அவர்களை ஓர் அதிகாரி கூப்பிட்டு, அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? எங்கள் மேல் தப்பில்லை என்று நாம் வாதாடுவதைவிட, அவர்கள் சொல்வதை நாம் போய்க் கேட்பது முக்கியம். இந்த வாரம் அன்பியக் கூட்டம் முடிந்ததும் அப்படி ஒரு வீட்டுக்காவது போய் வாருங்கள். திரும்ப வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தால் போதும்.

பிளினிக்கு அந்த வாக்குமூலத்திலும் திருப்தியில்லை. உண்மையைக் கறக்க வேண்டும் என்று இரண்டு அடிமைப் பெண்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார். அந்தச் சபையில் அவர்கள் திருத்தொண்டு செய்பவர்கள். ரோமைச் சமூகத்தில் அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை: பெண்கள், அதிலும் அடிமைகள். அடிமையின் சாட்சியம் செல்ல வேண்டுமானால் வதைத்துத்தான் வாங்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அப்படிப்பட்ட இருவரிடம் கிறிஸ்தவச் சபை ஒரு பணியை ஒப்படைத்திருந்தது. வதைத்தும் தனக்குக் கிடைத்தது அளவுமீறிய ஒரு மூடநம்பிக்கை மட்டுமே என்று பிளினி எழுதுகிறார். அந்தச் சகோதரிகளின் பெயரை அவர் எழுதவில்லை. ஆனால் ஒரு கொலையை, ஒரு சதியை, ஓர் அசிங்கத்தை அவர்கள் வாயிலிருந்து அவரால் வரவழைக்க முடியவில்லை. ஆண்டவர் இன்று வாக்களிக்கும் துணையாளர், உண்மையை வெளிப்படுத்தும் ஆவியார், எங்கே செயல்பட்டார் என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் அந்த வதைக்கூடத்தைத்தான் சொல்வேன். பேதுரு கேட்ட பதிலை, அவர் எழுதிய அதே பித்தினியாப் பக்கத்தில், அந்த இருவரும் தங்கள் உடம்பால் சொன்னார்கள்.

டிராஜனின் பதில் சுருக்கமானது. கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், முறையாகக் குற்றம் சாட்டப்பட்டு நிரூபணமானால் தண்டிக்கலாம், மறுதலித்தால் விட்டுவிடலாம், மொட்டைக் கடிதத்தை ஏற்கவே கூடாது, அது நம் காலத்துக்குத் தகாது என்றார். அந்தக் கடைசி அறிவுரை பங்குகளுக்கும் மறைமாவட்டங்களுக்கும் இன்றும் பொருந்தும்.

பிளினியின் நண்பர் டாசிட்டஸ், 64-ஆம் ஆண்டு ரோமை எரிந்தபின் நீரோ தன்மேல் விழுந்த பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டு அவர்களைக் கொடுமையாகக் கொன்றதைப் பதிவு செய்திருக்கிறார். தீ வைத்தது அவர்கள்தான் என்று அவர் நம்பவில்லை. ஆனாலும் அவர்கள் மனித குலத்தையே வெறுப்பவர்கள் என்று எழுதினார். ஊர்த் திருவிழாவுக்கு வராதவர்கள், பலி விருந்தில் உட்காராதவர்கள், விளையாட்டு அரங்கில் மனிதன் சாவதைப் பார்த்துக் கைதட்டாதவர்கள் அவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கிறார்கள். ஒதுங்கி நிற்கும் எவரையும் பக்கத்து வீட்டார் இப்படித்தான் நினைப்பார்கள். அதனால்தான் பேதுரு பணிவையும் மரியாதையையும் சேர்த்துச் சொல்கிறார். நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: வாட்ஸ்அப்பில் நம்மைத் திட்டி ஒருவர் எழுதினால், பதிலுக்கு அவர் கும்பிடும் தெய்வத்தைத் திட்டி எழுதுவது விசுவாசம் ஆகாது. அதைச் செய்பவருக்கு இன்றைய வாசகத்தில் இடமில்லை.

பிளினியின் காலத்துக்கு அறுபது ஆண்டுக்கும் மேல் கழித்து, 178 வாக்கில், செல்சஸ் என்ற மெய்யியலாளர் நம்மை எதிர்த்து ஒரு நூலே எழுதினார். அந்த நூல் அழிந்துவிட்டது. ஆனால் 248 வாக்கில் ஒரிஜன் அதற்கு மறுப்பு எழுதியபோது அதன் வரிகளை நேர்மையோடு எடுத்தெழுதிப் பதில் சொன்னதால், செல்சஸின் குரல் இன்றும் நமக்குக் கேட்கிறது. எதிராளியின் வாதத்தை மறைக்காமல் எடுத்துவைத்த ஒரிஜனை நான் மிகவும் மதிக்கிறேன். செல்சஸுக்கு நம்மிடம் என்ன கோபம்? கம்பளி வேலை செய்கிறவனும் செருப்புத் தைக்கிறவனும் துணி வெளுக்கிறவனும் வீட்டுக்குள் புகுந்து பெண்களிடமும் பிள்ளைகளிடமும் போதிக்கிறார்களாம். எசமானும் ஆசிரியரும் வந்தால் வாயை மூடிக்கொண்டு, எங்கள் பட்டறைக்கு வாருங்கள், முழுதும் சொல்கிறோம் என்று கூப்பிடுகிறார்களாம். மற்ற வழிபாடுகள் கை சுத்தமானவர்களை அழைக்கும்போது இவர்கள் பாவியை, அறிவிலியை, சிறுபிள்ளையை அழைக்கிறார்களாம்.

சகோதரரே, செல்சஸ் சொன்னதில் பொய் அதிகம் இல்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் திருமுகத்திலும், உங்களில் ஞானிகளும் வலியவர்களும் உயர்குடியினரும் எத்தனை பேர் என்று அவரே கேட்கிறார். நற்செய்தி பட்டறை வழியாகத்தான் பரவியது. இன்று ஒரு செல்சஸ் நம் பங்குப் பேரவைக்குள் எட்டிப் பார்த்தால் அதே புகாரை எழுத அவருக்குக் காரணம் கிடைக்குமா என்பதுதான் என் கவலை. துப்புரவுப் பணியாளர் ஒருவர் நம் பேரவையில் உறுப்பினராக இருந்து எத்தனை காலம் ஆயிற்று?

ரோமையில் பாலத்தீன் குன்றில் 1857-இல் ஒரு பழைய சுவர் வெளிப்பட்டது. அரண்மனைப் பணிக்கான சிறுவர்கள் இருந்த இடம் என்று கருதப்படுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் யாரோ கூரான எதையோ வைத்துக் கீறிய ஒரு கேலிப்படம் அதில் இருக்கிறது. சிலுவையில் ஓர் ஆள். உடம்பு மனித உடம்பு, தலை கழுதைத் தலை. கீழே இடப்பக்கம் ஓர் இளைஞன் கையை உயர்த்தி நிற்கிறான். அலெக்சமேனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்ற கருத்தில் கோணலான கிரேக்க எழுத்தில் ஒரு வரி. 200-ஆம் ஆண்டை ஒட்டியது என்பார்கள். சிலுவையில் அறையப்பட்ட ஆண்டவரின் மிகப் பழைய படங்களில் ஒன்று இப்படி நம்மைக் கேலி செய்தவன் கையிலிருந்து வந்திருக்கிறது. அதே கட்டடத்தின் வேறோர் அறையில் அலெக்சமேனோஸ் நம்பிக்கையுள்ளவன் என்ற பொருளில் இன்னொரு கீறலும் உண்டு. கல்லூரி விடுதியில் சாப்பிடுமுன் சிலுவை அடையாளம் போட்டதற்காகச் சிரிக்கப்பட்ட பிள்ளைகள் இங்கே இருந்தால், அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிக்கவைக்கும் எழுத்தில் வல்லவரான லூசியன், பெரெகிரினஸ் என்ற ஊர்சுற்றியின் கதையை எழுதியிருக்கிறார். அந்த ஆள் பாலஸ்தீனத்தில் கிறிஸ்தவர்களிடம் ஒட்டிக்கொண்டு பெரிய போதகராகிவிட்டான், சிறையும் போனான். விடிந்ததும் கிழவிகளும் கைம்பெண்களும் அநாதைப் பிள்ளைகளும் சிறை வாசலில் வந்து நின்றார்கள். பொறுப்பில் இருந்தவர்கள் காவலர்களுக்குக் கையூட்டுக் கொடுத்து உள்ளேயே அவனோடு படுத்துக்கொண்டார்கள். சாப்பாடு போயிற்று. ஆசிய நகரங்களிலிருந்து பொதுப் பணத்தில் ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் உடன்பிறப்புகள் என்று நம்பும் இந்த அப்பாவிகளை வைத்து எந்த ஏமாற்றுக்காரனும் சீக்கிரம் பணக்காரனாகிவிடலாமல்லவா என்று லூசியன் சிரிக்கிறார். அவர் சொன்ன ஆபத்து உண்மையானது. நம் முன்னோருக்கும் அது தெரிந்திருந்தது. திதாக்கே என்னும் பழைய கையேடு, ஊர் ஊராக வரும் திருத்தூதர் ஒரு நாள், தேவையென்றால் இரண்டு நாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் போலி, பணம் கேட்டாலும் போலி என்று கறாராகச் சொல்கிறது. குணமாக்குகிறேன் என்று மேடை போட்டு வங்கிக் கணக்கு எண் கொடுக்கிறவர்களிடம் ஏமாறும் நம் மக்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஆனால் சிறை வாசலில் நின்ற அந்தக் கிழவிகளைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை. லூசியன் கேலிக்காக வரைந்த அந்தக் காட்சியில் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் அப்படியே நடந்துகொண்டிருக்கிறது.

மருத்துவர் கேலனும் நம்மைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இவர்களுக்குத் தருக்கம் ஏறாது, உவமைக் கதைதான் வேண்டும். ஆனாலும் சாவுக்கு அஞ்சாமையிலும் புலனடக்கத்திலும் நீதியிலும் உண்மையான மெய்யியலாளருக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்றார் அவர்.

கடைசியாக ஜூலியன். 361 முதல் 363 வரை ரோமைப் பேரரசர். இவரும் விலகிப்போனவர்தான். கிறிஸ்தவராக வளர்ந்து திருநூல் வாசகராகவும் இருந்தவர். 337-இல், அவருக்கு ஆறு வயது இருக்கும்போது, தந்தையும் உறவினர் பலரும் படைவீரர்களால் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்தவப் பேரரசரான கான்ஸ்டான்சியுஸ்தான் அதற்குக் காரணம் என்று நம்பினார். அவர் ஏன் போனார் என்று கேட்கும்போது இதையும் சேர்த்துத்தான் நாம் நினைக்க வேண்டும். அரியணை ஏறியதும் பழைய கோவில்களுக்கு உயிர்கொடுக்க முயன்றார். கலாத்தியாவின் தலைமைப் பூசாரி அர்சாசியசுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. கலாத்தியா, பேதுருவின் முகவரியில் நாம் பார்த்த அதே கலாத்தியா. இந்தக் கலிலேயர்கள், நம்மை அவர் அப்படித்தான் அழைப்பார், எதனால் பெருகினார்கள் என்று மூன்று காரணம் சொல்கிறார்: அந்நியருக்குக் காட்டும் பரிவு, இறந்தவர்களை அடக்கம் செய்வதில் காட்டும் அக்கறை, ஒழுக்கமான வாழ்க்கை. மூன்றாவது வெறும் நடிப்பு என்பது அவர் கருத்து. தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் அவர்களே தாங்குகிறார்கள், நமக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்கிறார். ஊர்தோறும் சத்திரம் கட்டச் சொல்லி, ஆண்டுக்கு 30,000 மரக்கால் கோதுமையும் 60,000 படி திராட்சை மதுவும் ஒதுக்கினார். அதில் ஐந்தில் ஒரு பங்கு பூசாரிகளுக்குப் பணிசெய்யும் ஏழைகளுக்கு, மீதி அந்நியருக்கும் பிச்சையெடுப்பவருக்கும்.

அடக்கத்தைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கல்லறைகளைக் காட்டி ஒரு பேரரசர் நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட்டாரோ, அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நம் தமிழகத்தின் சில ஊர்களில் இன்றும் சாதிக்கொரு பகுதி இருக்கிறது. நடுவே சுவர் நிற்கும் இடங்களும் உண்டு. உங்கள் எதிர்நோக்கு என்ன என்று அங்கே ஒருவர் கேட்டால், உயிர்ப்பு என்று நாம் எப்படி வாய் திறந்து சொல்வது? நம் பங்கில் சுவர் இல்லை. ஆனால் எந்தத் தெருக்காரருக்கு எந்த வரிசை என்ற கணக்கு இருக்கிறது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்குப் பேரவை கூடுகிறது. அந்தக் கணக்கை விட்டுவிட்டு, யார் எப்போது இறக்கிறார்களோ அந்த வரிசையிலேயே அடக்கம் செய்வது என்ற தீர்மானத்தை அங்கே முன்வைக்கப் போகிறேன். மனம் ஒப்பாதவர்கள் மொட்டைக் கடிதம் போட வேண்டாம். இந்த வாரம் எந்த நாள் மாலையிலும் என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.